ஒன்பது மணி நேரம்

தாக் சார் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி வாங்கித் தந்தால் அன்றைக்கு யாருடைய தலையோ உருளப்போகிறது என்று அர்த்தம். சோல் நகரத்தை ஒட்டிய பாங்யோவில் அந்தக் கம்பெனியில் ஏழு வருஷம் குப்பை கொட்டிய பியோ யேரிமுக்கு இது நன்றாகவே தெரியும். மனிதவளத் துறைக்குத் தாக் சார்தான் தலைவர். ஒரு காலத்தில் அவரும் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர்தான். அதனால் அவரிடம் கதை விட முடியாது.

"குடி, ஆறிடும்," என்றார். "பதினொரு மணிக்கு இழப்பீட்டு ஆபீஸ்லேர்ந்து விசாரணை அதிகாரி வர்றாங்க. சங்ஹுன் மனைவியும் வர்றாங்க. உன்னை ரெண்டே ரெண்டு கேள்வி கேப்பாங்க."

"என்ன கேள்வி சார்?"

"கண்டெய்னருக்குன்னு தனியா கடிகாரம் உண்டா? கிடையாது. லேப்டாப் கடிகாரத்தைத்தான் அது பார்க்குது. சரிதானே?"

"சரிதான் சார். ஆனா..."

"லேப்டாப் எந்த ஊர் நேரத்துல ஓடுச்சு? நம்ம ஊர் நேரம். சரிதானே?"

"சரிதான்."

"அவ்வளவுதாம்மா. உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? ரெண்டும் சத்தியமான உண்மை. கேட்டதுக்குப் பதில் சொல்லு, எழுந்து வா. நீயா ஒண்ணும் பாடம் எடுக்க வேண்டாம்."

யேரிம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனுஷனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டுதான் பேசுகிறார்.

மோ சங்ஹுன் ஆகஸ்ட் மாதம் பதினேழாம் தேதி வீட்டுச் சமையலறை மேஜையில், திறந்த லேப்டாப்பின் மேலேயே சாய்ந்து செத்துப்போனான். நாற்பத்தொரு வயது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கம்பெனி செய்வது வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் எடுக்கும் மென்பொருள். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு நாடே ஊருக்குப் போகும். முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் சீட்டெல்லாம் தீர்ந்துவிடும். பழைய மென்பொருள் வருஷா வருஷம் அந்த நாளில் படுத்துக்கொண்டதால் புதிதாக ஒன்றை எழுதினார்கள். முன்பதிவு திறக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் அவன் போனான். முன்பதிவு என்னவோ சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் திறந்தது. அதற்குக் கேக் வெட்டினார்கள். யேரிமும் ஒரு துண்டு சாப்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் குமட்டும்.

அவன் வேலைப்பளுவால் செத்தான் என்று சொல்ல வேண்டுமானால் எத்தனை மணி நேரம் வேலை செய்தான் என்று காட்ட வேண்டும். கம்பெனிப் பதிவேட்டில் அவன் ஒரு வாரம்கூடச் சட்டம் சொன்ன ஐம்பத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டுவான்? மாலை ஏழு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸுக்குப் போகும் லைனும் மூடிக்கொள்ளும். ஊழியர் நலம் பேணும் நிறுவனம் என்று வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பட்டயமே வைத்திருக்கிறார்கள்.

அதில் இருந்த ஓட்டையைப் போட்டவள் யேரிம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழுவில் பதினொரு பேரும் அந்த ஒரே டேட்டாபேஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போட்ட சோதனை டிக்கெட்டை இன்னொருத்தி அழிப்பாள், தினமும் சண்டை. யேரிம் நாற்பது வரியில் ஒரு ஃபைல் எழுதினாள். ஒரே ஒரு கட்டளை தட்டினால் போதும், அவரவர் லேப்டாப்புக்குள் ஒரு மூடிய பெட்டி மாதிரி கண்டெய்னர் எழும்பும். அதற்குள் குட்டியாக ஒரு டேட்டாபேஸ், அதே அட்டவணைகள், நாலைந்து பொய்ப் பயணிகள். கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எழுப்பிக்கொள்ளலாம். அன்றைக்கு அவளைக் கொண்டாடினார்கள். பன்றிக்கறி சுட்டுச் சாப்பிட்டபோது முதல் கிளாஸை அவளுக்கு ஊற்றியவன் சங்ஹுன்.

ஒரு மாதத்துக்குள் மேலே இருந்தவர்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இந்தப் பெட்டிக்கு லைன் வேண்டாம். ஏழு மணிக்குப் பிறகும் வேலை செய்யும், வீட்டிலும் வேலை செய்யும். மென்பொருள் எழுதுகிறவர்களின் லேப்டாப்புகளை மட்டும் தானாக அணையாதபடி விலக்கி வைக்க ஒரு படிவம் வந்தது. தொழில்நுட்பக் காரணம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவள் யேரிம். அப்புறம் ஃபோன் வர ஆரம்பித்தது. "வீட்டுல வச்சுக் கொஞ்சம் பாருங்களேன்." ஃபோனில் மட்டும், எழுத்தில் ஒரு வரி கிடையாது. ராத்திரி எழுதியதைக் காலை பத்து மணிக்குப் பிறகுதான் எல்லோர் வேலையும் சேரும் பொது இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் வாய்வழி உத்தரவு. ஆகப் பதிவேட்டின்படி பதினொரு பேரும் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் வாரம் ஒருமுறை பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்புவார்கள். சங்ஹுன் செய்யவில்லை. பொய்ப் பயணிகளைத் திரும்ப உட்கார்ந்து தட்ட அவனுக்குச் சோம்பல். அதனால் பதினான்கு மாதச் சோதனை டிக்கெட்டுகள் அப்படியே கிடந்தன, ஒவ்வொன்றும் போட்ட நேரத்தோடு. பயணியின் பெயர் என்ற இடத்தில் தோன்றியதை எழுதியிருந்தான். 'தூக்கம்'. 'இதுதான் கடைசி'. 'நிஜமாகவே கடைசி'. 'கழுத்து வலி'. எல்லாப் பயணிகளும் சோலில் ஏறி மொக்போவில் இறங்குகிறவர்கள், எல்லோருக்கும் ஜன்னல் சீட்டு.

சாவுக்குப் பிறகு லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் துடைத்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வேலையும் யேரிம் தலையில்தான் விழுந்தது. துடைப்பதற்கு முன்னால் அந்த டேட்டாபேஸ் இருந்த ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்து வைத்தாள். சங்ஹுனின் மனைவி போராவிடம் போய்ச் சொன்னவளும் அவள்தான். "அக்கா, ராத்திரி ராத்திரியா அவர் உட்கார்ந்தது அதுல மணியோட இருக்கு. சட்டப்படி கேட்டு வாங்குங்க." போரா கேட்டாள். கம்பெனி அசையவில்லை, கடைசியில் அந்த நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இழப்பீட்டு ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது.

இங்கேதான் யேரிம் கோட்டை விட்டாள். தான் கோட்டை விட்டது அவளுக்கே முந்தாநாள்தான் உறைத்தது.

கண்டெய்னருக்குள் ஓடுகிற டேட்டாபேஸ், லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்தாலும், வேறு ஊர் நேரம் வை என்று யாரும் சொல்லாத வரைக்கும், உலகப் பொது நேரத்தைத்தான் எழுதும். சோல் அதற்கு ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சோல் நேரம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்தது. அந்த நாற்பது வரி ஃபைலில் அந்த ஒரு வரியை யேரிம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. குழுவில் எல்லோரும் மனசுக்குள் ஒன்பதைக் கூட்டிக்கொண்டுதான் படிப்பார்கள். மூச்சு விடுகிற மாதிரி அது தன்னால் நடக்கும். 14:37 என்று திரையில் இருந்தால் யேரிம் கண்ணுக்கு அது ராத்திரி பதினொன்று முப்பத்தேழு. உலகத்தில் மற்றவர்கள் அதை மத்தியானம் என்று படிப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. போராவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

சங்ஹுன் பகலெல்லாம் கூட்டங்களிலும் பொது டேட்டாபேஸிலும் கழித்தான். பெட்டியைத் திறந்தது வீட்டில் மட்டும், ராத்திரி பத்திலிருந்து விடிகாலை மூன்று வரைக்கும். காகிதத்தில் அது மத்தியானம் ஒன்றிலிருந்து மாலை ஆறு. வேலை நேரத்துக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. முந்தாநாள் தாக் சார் அந்தத் தாள்களை அச்சடித்து அடுக்கிக்கொண்டே, "முழு ஒத்துழைப்பு கொடுத்துடுவோம்பா, ஒரு வரி விடாம," என்று சிரித்தபோதுதான் யேரிமுக்கு அந்த ஒன்பது ஞாபகம் வந்தது.

"சார்," என்றாள் இப்போது, காபியைத் தொடாமல். "அது நம்ம நேரம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்கென்ன தெரியும்? நான் மனிதவளம்." அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாராளமா சொல்லு. தடுக்கல. அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சியா? ராத்திரி வீட்டுல வேலை செய்ய வழி பண்ணிக் கொடுத்தது யாரு? ஃபைல் யாரு எழுதினது? படிவத்துல யார் கையெழுத்து? என் கையெழுத்து எங்கயும் இல்லம்மா. நல்லா தேடிட்டேன். அந்தப் பொண்ணு முன்னாடி உட்கார்ந்து, உன் புருஷன் செத்த பெட்டியை நான்தான் செஞ்சேன்னு சொல்ற தைரியம் இருந்தா சொல்லு."

வேலை போய்விடும் என்று மிரட்டியிருந்தால் யேரிம் ஒருவேளை எதிர்த்திருப்பாள். மனுஷன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். மூன்று மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்ததே அதுதான்.

அவள் தன் இடத்துக்குப் போகும்போது குழுவில் மீதி இருந்த ஒன்பது பேரும் நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஒன்பதைக் கூட்டத் தெரியும். ஒருவர் வாயையும் யாரும் கட்டிப்போடவில்லை.

கீழே லிஃப்ட் பக்கத்தில் போரா நின்றிருந்தாள். கையில் அரை டஜன் ஜூஸ் பாட்டில் உள்ள அட்டைப்பெட்டி. வழக்கு நடக்கிற இடத்துக்குக்கூட வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைக்கிறவள். கிங்கோ மரங்கள் பழம் உதிர்க்கும் மாதம். நடைபாதையில் மிதித்துவிட்டு வந்திருக்கிறாள், கதவு வரைக்கும் நாறியது.

"செருப்பை எங்க தேய்க்கிறதுன்னு தெரியல. உங்க ஆபீஸ் தரை கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள். "சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"சாப்பிட்டேன் அக்கா. இசுல் எங்க?"

"பாலர் பள்ளியில விட்டுட்டேன். அப்பா ஆபீஸுக்குப் போறேன்னதும் நானும் வருவேன்னு அழுகை. அஞ்சு வயசு, என்ன சொல்லிப் புரிய வைக்கிறது?" ஜூஸ் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "என் சட்ட ஆலோசகர் சொல்றாரு, நீ எடுத்து வச்ச அந்தக் கணக்கு மட்டும்தான் நமக்கு இருக்குன்னு. பன்னிரண்டு வாரம், சராசரி அறுபது மணி நேரம் காட்டணுமாம். ராத்திரி வேலைன்னா கூடுதலா எடுத்துப்பாங்களாம். நீ இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா யேரிம்?"

யேரிம் வாயைத் திறந்தாள். அக்கா, அதில் ஒன்பது கூட்டிப் படிக்க வேண்டும். இவ்வளவுதான், எண்ணி ஆறு வார்த்தை. ஆனால் பின்னாலேயே, அதை இப்படிச் செய்து வைத்தது யார் என்ற பேச்சும் வரும். லிஃப்ட் வந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். சரி, நேரத்தைப் பற்றி அங்கே யாராவது நேரே கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தனக்குத்தானே ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டாள். கேட்டால் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

கூட்ட அறையில் விசாரணை அதிகாரி ஐம்பது வயது அம்மாள். களைத்த முகம், நல்ல மனுஷி. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். போராவின் ஆலோசகருக்கு அவை அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தன. தாள்களைப் பார்க்கப் பார்க்க ஆலோசகரின் முகம் தொங்கியது.

"பதிமூணு, பதினாலு, பதினாறு... எல்லாம் பகலாத்தானே இருக்கு?" என்றார் அதிகாரி. "பதினாலு அம்பத்திரண்டுக்குப் பயணி பேரு 'தூக்கம்'."

"மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம் மேடம்," என்றார் தாக் சார். "அந்த நேரத்துல எனக்கும் கண்ணைச் சொக்கும்." அவரே மெல்லச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி யேரிம் பக்கம் திரும்பினார். கேள்விகள் தாக் சார் சொன்ன வரிசையிலேயே வந்தன.

"இந்தக் கண்டெய்னர்ங்கறதுக்குத் தனியா கடிகாரம் இருக்குமா?"

"இருக்காது. லேப்டாப் கடிகாரம்தான்."

"லேப்டாப் எந்த நேரத்துல வச்சிருந்தாங்க?"

"நம்ம நேரத்துல."

பேனா ஓடியது. போரா தாள்களை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். விரலால் வரிவரியாகத் தேடி ஓரிடத்தில் நின்றாள்.

"இல்ல மேடம். இது தப்பு. ஆகஸ்ட் பன்னிரண்டு, பதினாலு முப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அன்னிக்கு அந்த நேரத்துல அவர் வீட்டுல இருந்தாரு. பாப்பாவுக்கு ஜுரம். நான் ஃபோன்ல அழுதேன். யாருகிட்டயும் சொல்லாம கிளம்பி வந்துட்டாரு. ரெண்டு மணிக்கு வந்து, பாப்பா மீதி வச்ச கஞ்சியைக் குடிச்சிட்டு, அவ பக்கத்துலயே தரையில படுத்துத் தூங்கினாரு. மூணரைக்குத் திரும்பப் போனாரு. பகல்ல அப்பாவைப் பார்த்துட்டு, அப்பாவை வேலையை விட்டுத் துரத்திட்டாங்களான்னு கேட்டா பாப்பா. அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்கு எப்படி மறக்கும்? அதுக்கப்புறம் அஞ்சாம் நாள்..."

தாக் சார் முதல் தடவையாக நாற்காலியில் அசைந்தார்.

"வெளியே போனதுக்குப் பதிவு?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"பின்பக்கக் கதவுல பதிவு ஆகாது மேடம். சிகரெட் பிடிக்கப் போறவங்க வழி."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு யேரிமை நேராகப் பார்த்தார். "நீங்கதான் இதை நகல் எடுத்தவங்கன்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க. இதுல இருக்கிற நேரம் தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?"

கேட்டேவிட்டார். யேரிம் தனக்குக் கொடுத்துக்கொண்ட வாக்கின் நேரம் இதுதான். போரா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் கடுகளவும் இல்லை. அந்தப் பார்வை மாறிவிடுமே, அதுதான் யேரிமுக்குப் பயம். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. இந்த ஒரு முகம் தன்னைப் பார்த்து மாறுவதைத் தாங்க முடியாது என்று மட்டும் நினைத்தாள்.

"நேரம் தப்பா இருக்க வாய்ப்பில்லை," என்றாள். "மெஷின் எழுதினது."

அதுவும் உண்மைதான். ஒரு வினாடிகூடத் தப்பில்லை.

அதிகாரி மறுபடி எழுத ஆரம்பித்தார். ஆலோசகர் போராவின் காதருகே குனிந்து, ஞாபகத்தை வைத்துக்கொண்டு மெஷினோடு வாதாட முடியாது, வேறு ஏதாவது பார்ப்போம் என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. போரா தலையாட்டினாள். தாளை எடுத்து மறுபடி அந்த வரியைப் படித்தாள். அப்புறம் இன்னொரு முறை. தாளை ஓரம் ஒட்டி அடுக்கி, மேஜை நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

வழியனுப்ப யேரிம் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. வெயில் நன்றாக அடித்தது. சாப்பாட்டு நேரம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கடந்து போனார்கள்.

"நீ கஷ்டப்பட்டு எடுத்து வச்சே," என்றாள் போரா. "உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிறதைத்தானே நீ சொல்ல முடியும்?"

"அக்கா..."

"நான் வேற நாளோட குழப்பிக்கிட்டேன் போல. போன வருஷமும் பாப்பாவுக்கு ஒரு தடவை ஜுரம் வந்துச்சு. அவர் போனதிலேர்ந்து எனக்குத் தேதியெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணாக் கிடக்கு." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நீ சொல்லு. அந்தச் சமயத்துல வேலை இருந்த இருப்புக்குப் பட்டப்பகல்ல எழுந்து வந்திருக்க முடியுமா அவரால?"

யேரிமுக்கு அந்த நாள் தெரியும். ஆகஸ்ட் பன்னிரண்டு மத்தியானம் சங்ஹுனின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் முதுகில் தொங்கிய கோட்டைக்கூட எடுக்காமல் ஓடியிருந்தான். எங்கே என்று யாரோ கேட்டதற்கு, கழிப்பறையில் இருப்பார் என்று அவளேதான் சொல்லி மறைத்தாள். சொல்லலாம். இப்போது, இந்த இடத்தில், அக்கா அவர் வந்தார், நிஜமாகவே வந்தார் என்று சொல்லலாம். சொன்னால் உள்ளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

"கஷ்டம்தான் அக்கா," என்றாள். "அந்த வாரம் யாரும் நகர முடியல."

போரா மெதுவாகத் தலையை ஆட்டினாள். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்குக் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இசுல்தான் பாவம். தினமும் படுக்கும்போது அதைத்தான் சொல்றா, அப்பா வந்தாரு, என் கஞ்சியைக் குடிச்சாருன்னு. நானும் ஆமா ஆமான்னு சொல்லிச் சொல்லித்தான் அவ மனசுல பதிஞ்சுபோச்சு போல." படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஜுரத்துல கண்ட கனவுன்னு இன்னிக்குச் சொல்லிடறேன். பொய்யை வச்சுக்கிட்டு அவ வளர வேண்டாம்."